நாலாவது ஆட்டம்

கிரிக்கெட் என்றும் ரக்பி என்றும் மார்தட்டுகிற என் வயதுக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஒக்லண்டில் வளர்ந்து, பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் பார்க்காமல், கனடாவின் ஐஸ் ஹொக்கி அணி ஒன்றுக்காக ஊரோடு சண்டை பிடித்தவள் நான். எந்த அணி என்று சொல்லமாட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். இல்லாவிட்டால் உடனே கைபேசியைத் தட்டி, அந்த வருடம் அவர்கள் எத்தனையாம் இடத்தில் முடித்தார்கள் என்று எனக்கே பாடம் எடுப்பீர்கள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், அது நல்ல அணி.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் பாதையை ஒட்டியிருந்த பழைய மரவீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பா மனுகாவில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். அம்மா தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்தார். அம்மாவுக்கு உயிரோடு எஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு சின்ன மாமா. ஊரை விட்டு ஆளுக்கொரு திசையாக ஓடியதில் நாங்கள் உலகத்தின் இந்தக் கோடியில் விழுந்தோம், அவர் கனடாவில் விழுந்தார்.

வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கக் காசு கட்டாது, அதனால் அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். அரை மணித்தியாலம் ஒரு மனிதர் தனியே இருந்து பேசுவார். 'அக்கா, சுகமா இருக்கிறீங்களோ' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு இடம் விடுவதைப்போலக் கொஞ்சம் நிற்பார். அம்மாவும் விடமாட்டார். எங்கள் கசெற் பெட்டிக்கு முன்னால் குந்தி, 'நான் சுகம் ராசா, நீ சாப்பிட்டனியோ' என்று அந்த இடைவெளிக்குள் பதில் சொல்வார். அந்தப் பெட்டியில் ஒரு விசை உடைந்திருந்தது. கரண்டிக் காம்பால் அமத்தினால்தான் ஓடும். ரயில் போகும்போது நிறுத்திவிட்டு, போன பிறகு திரும்பவும் அமத்துவோம்.

மாமா வாகனத் தரிப்பிடம் ஒன்றின் கூண்டுக்குள் வேலை செய்தார். கூண்டுக்குள் அவருக்கு ஒரு சின்ன ஹீற்றரும் ஒரு வானொலியும் துணை. அங்கேதான் அவருக்கு ஹொக்கிப் பைத்தியம் பிடித்தது. அவருடைய முதல் கசெற்றுகளில் அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருப்பார். சனக்கூட்டம் இரையும். எல்லோரும் மாமாவின் குரலைக் கேட்டார்கள். நான் பின்னாலிருந்த ஆளைக் கேட்டேன்.

"மாமா, அந்தாள் ஏன் கத்துது?" என்று அம்மாவின் பதில் கசெற்றின் கடைசியில் கேட்டு அனுப்பினேன். பதிலாகப் பத்திரிகைத் துண்டுகள் வந்தன. ஓரத்தில் மாமாவின் கையெழுத்தில் விளக்கம். மூன்று பகுதி, பகுதிக்கு இருபது நிமிடம். கோல் காப்பவர் 'வாசல்காரன்'. குற்றம் செய்தவன் பெட்டிக்குள் போய் இரண்டு நிமிடம் குந்தவேண்டும், அதற்குள் மற்ற அணி கோல் அடித்துவிடப் பார்க்கும். கனடாவில் அப்போது ஏழு அணிகள். அந்த ஏழையும் என் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்தேன். எட்மன்டன்காரர் அந்தக் காலத்தில் எவரையும் உயிரோடு விடவில்லை. அவர்களை ரசிப்பதற்கு என்ன கெட்டித்தனம் வேண்டும்? வெல்கிற பக்கத்தில் போய் நிற்க எந்த மடையனாலும் முடியும்.

எங்கள் அணி ஒக்டோபரில் எப்போதும் தடுமாறும். மாமாவுக்குக் குளிர்காலம் தொடங்கியதும் இரண்டு வேலை, பத்திரிகை வெட்ட நேரமிருக்காது. அதனால் எனக்கு வாய்த்ததெல்லாம் சீசனின் தொடக்கம் மட்டும்தான். அந்தத் துண்டுகளை எழுதிய ஆட்களை இன்றைக்குக் கண்டாலும் நான்கு வார்த்தை கேட்பேன். சீசன் தொடங்கி இரண்டு கிழமை ஆகவில்லை, அதற்குள் பயிற்சியாளரை மாற்று, வாசல்காரனை விற்று விடு, பின்வரிசையைக் கலைத்து விடு! வாசல்காரன் முழங்கால் சூடேற நேரம் எடுக்கிறவன், அவ்வளவுதான். பின்வரிசையில் இருவர் புதியவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடுவைத் திறந்து விடுகிறார்கள். பழகினால் சரிவரும். பதினொரு வயதில் எனக்கு விளங்கியது அந்தப் பெரிய மனிதர்களுக்கு விளங்கவில்லை.

நான் சொல்லவந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் முதல் கசெற் வந்தது. மாமா உற்சாகமாகப் பேசினார். வேலை நல்லம், அறையில் கூட இருக்கிற பெடியன் நன்றாகச் சமைக்கிறான், குளிர் தொடங்கிவிட்டது. வானொலி வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. "இவன் உந்தச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டுக் கதைக்கக் கூடாதோ?" என்றார் அப்பா. எனக்கோ வாழைப்பழம் உரித்து வாயில் வைத்த மாதிரி. ஆட்டத்தின் முதல் பகுதி முழுக்க இருந்தது. எங்கள் வாசல்காரன் கையில் அடிபட்டு உள்ளே போனான். பதிலுக்கு ஒரு புதுப் பையன் வந்தான். இரண்டுக்கு ஒன்று, நாங்கள் முன்னுக்கு. அத்தோடு கசெற் முடிந்தது. கொப்பியில் எழுதினேன்.

டிசம்பர் தொடக்கத்தில் இரண்டாவது வந்தது. இதிலும் புதுப் பையன்தான் வாசலில் நின்றான். ஐயோ, ஒரு மாதமாகியும் கைக் காயம் மாறவில்லையே என்று கவலைப்பட்டேன். இதிலும் எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு ஒன்று. இன்னுமொரு ஆட்டம் என்று அதையும் எழுதினேன். ஒரு விஷயம் மட்டும் விசித்திரமாக இருந்தது. மாமா பேசும்போது இடைக்கிடை 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அவருடைய பேச்சில் எதுவும் விடுபடாது. 'நான் நல்ல சுகம்', டக், 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ' என்று தொடரும். ஆனால் பின்னால் ஆட்டம் தாவிவிடும். பெட்டிக்குள் குந்தப் போனவன் அடுத்த நொடி வெளியே வந்து ஓடுவான். அப்படியென்றால் இரண்டு நிமிடம் மாமா பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் போன இரண்டு நிமிடத்தின் மேல்தான் கோபம்.

இதற்கிடையில் அம்மா மாமாவுக்குப் பெண் பார்த்துவிட்டார். ஒக்லண்டின் தெற்கே பாபடோயிட்டோயில் இருந்த ஒரு குடும்பம், யாழ்ப்பாணத்து ஆட்கள். பெண் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நாங்கள் அவரை நேர்ஸ் அக்கா என்போம். மாமாவின் படம் போய்ச் சேர்ந்தது, சாதகம் பொருந்தியது. இனிக் குரல் கேட்கவேண்டும். மாப்பிள்ளை கடல் கடந்து இருந்தால் அவருடைய கசெற்றைப் பெண் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவது அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது. பேச்சில் ஒரு ஆளின் தரம் தெரியும் என்பார்கள்.

தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் மூன்றாவது கசெற் தபாலில் வந்தது. அம்மா உறையை உடைக்கவில்லை. "வாற சனிக்கிழமை அவையளுக்கு முன்னாலதான் உடைக்கிறது. அதுதான் மரியாதை," என்று சாமிப்படத்துக்குக் கீழே வைத்தார். ஒருமுறை நாங்களே முதலில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தம்பியில் அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை நல்ல வெயில். யன்னலெல்லாம் திறந்திருந்தது. நேர்ஸ் அக்கா இளம்பச்சைச் சேலையில், அவருடைய அப்பா கோட்டில், தாயார் கையில் கேக்கோடு வந்தார்கள். வடை, பாயாசம், தேத்தண்ணி. அம்மா எல்லோருக்கும் முன்னால் உறையைப் பிரித்தார். அப்பா கரண்டிக் காம்பால் விசையை அமத்தினார்.

"அக்கா, அத்தான், எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்," என்றார் மாமா. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நேர்ஸ் அக்காவின் அப்பா தலையாட்டினார். பின்னால் என்னுடைய ஆள் கத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பகுதி நடக்கிறது. வாசலில் புதுப் பையன். "இன்றிரவு முதல் பகுதியிலேயே வாசல்காரன் கையில் அடிபட்டுப் போய்விட்டான்," என்றார் அறிவிப்பாளர். "கவலை வேண்டாம், சீசனில் இது நாலாவது ஆட்டம்தானே."

நாலாவது ஆட்டம்! பொங்கலுக்கு நாலாவது ஆட்டமா? மாமாவின் துண்டுகளின்படி ஜனவரியில் சீசன் பாதியைத் தாண்டியிருக்கும். கை அடிபட்டது முதல் கசெற்றில். இது அதே இரவு. என் வாய் என்னிடம் கேட்கவில்லை.

"இது அதே ஆட்டம்! மூண்டு கசெற்றும் ஒரே ஆட்டம்! மாமா எல்லாத்தையும் ஒக்டோபரில ஒரே நாளில கதைச்சு வைச்சிருக்கிறார்!"

அப்பா நிறுத்தினார். ஒரு ரயில் போனது.

"பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுது," என்றார் நேர்ஸ் அக்காவின் அப்பா, சிரித்தபடி.

"விளையாட்டில்லை. கொப்பியில எழுதியிருக்கிறன், கொண்டு வரட்டோ?"

அம்மாவின் விரல்கள் என் தொடையில் இறங்கின. அந்தக் கிள்ளு ஒரு கிழமை நீலமாக இருந்தது. வந்தவர்கள் பாயாசத்தை முடித்துவிட்டு மரியாதையாகப் போனார்கள். கதவு சாத்திய பிறகு எனக்கு அறையும் விழுந்தது.

"மாமா பொய் சொல்லுறார் எண்டு சபையில சொல்லுறியோ? அவையள் வீட்டை போய் மன்னிப்புக் கேக்க வேணும்."

"கேக்கமாட்டன்."

"கேக்காட்டி உந்தக் கொப்பி அடுப்புக்கை போகும்."

"போகட்டும். நாலாவது ஆட்டம்தான்."

போனது. அடுப்புக்குள் இல்லை, குப்பைத் தொட்டிக்குள். ஏழு அணிகளும், நான் கலர் பென்சிலால் கீறிய சட்டைகளும், மாமாவின் கையெழுத்திருந்த துண்டுகளும் அதோடு போயின. குப்பை வண்டி வந்த காலை நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன். அழவில்லை. பிழையென்றால் அழுதிருப்பேன்.

அடுத்த செவ்வாய் பின்னேரம் நேர்ஸ் அக்கா தனியே வந்தார். வேலை முடிந்து, சீருடையோடு, ரயிலேறி, ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருந்தார். பெண் வீட்டுப் பிள்ளை தனியே வருவதா? அம்மா பதறி அடுப்படிக்கு ஓடினார். அக்கா என்னருகில் இருந்தார்.

"பிள்ளை, அண்டைக்குச் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லும் பாப்பம்."

என்னிடம் கொப்பி இல்லை, ஆனால் தலை இருந்தது. மூன்று கசெற்றையும் வரிசையாகப் போட்டேன். அடிபட்ட கையைக் காட்டினேன், புதுப் பையனைக் காட்டினேன். பிறகு தாவல்களைக் காட்டினேன். "இஞ்ச பாருங்கோ அக்கா, 'டக்' எண்டவுடனை ஆட்டம் ஓடிப்போயிட்டுது. முதல் கசெற்றில ரெண்டு மூண்டு இடம்தான். கடைசியில எண்ண ஏலாது."

அவர் ஹொக்கியைக் கேட்கவில்லை. கண்ணை மூடி, 'டக்' என்ற சத்தத்துக்குச் சற்று முன்னால் மாமா மூச்சிழுப்பதைக் கேட்டார். ஒரு இடத்தை நான்கு தடவை போடச் சொன்னார்.

"அன்ரி," என்றார் அடுப்படியைப் பார்த்து. "அவர் இருமுறத்துக்குத்தான் நிப்பாட்டுறார். இருமல் கேக்கக்கூடாது எண்டுதான் றேடியோவைக் கூட்டி வைச்சிருக்கிறார். நான் இதை ஆஸ்பத்திரி வோட்டில ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். அவரின்ரை நம்பரைத் தாங்கோ."

"கலியாணம் பேசுற பொம்பிளை தானா எடுத்துக் கதைக்கிறதோ பிள்ளை? ஆரும் கேட்டால் என்ன சொல்லுவினம்?"

"அப்ப நீங்கள் எடுங்கோ."

அம்மா தொலைபேசியை அக்காவின் பக்கம் தள்ளினார். அக்காதான் எண்களைச் சுற்றினார். அறையில் கூட இருந்த பெடியன் எடுத்தான். முதலில் மழுப்பினான், பிறகு உண்மையைக் கக்கினான். மாமாவுக்குக் காசநோய். ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு நாள், மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர் என்று வைத்தியர் சொன்னார். அன்று மாலை மூன்று கசெற் பேசி, உறையில் திகதி எழுதி, மாதத்துக்கு ஒன்றாகத் தபாலில் போடச் சொல்லிவிட்டுப் போனார். தன் அக்காவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று சத்தியம் வாங்கினாராம்.

அம்மா தரையில் இருந்துவிட்டார். கலியாணம் குழம்பிப்போய்விடும் என்று அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் அனுப்பினதெல்லாம் ஆர் கேட்டது? ஒவ்வொரு மாசமும் பதில் சொன்னனே, ஆரோட கதைச்சனான்?"

பெடியன் அவற்றைப் பிரிக்காமல் மேசையில் அடுக்கி வைத்திருந்தான். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மாமா இருக்கும் இடம் தெரிந்துவிட்டதே, பிறகென்ன அழுகை என்று எரிச்சல்கூட வந்தது. இன்று அம்மாவின் அன்றைய வயதை எட்டிய பிறகு அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அம்மாவுக்கு என்மேல் ஆறாத கோபம் வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று இப்போது விளங்குகிறது. அந்தக் கசெற்றுகளுக்குள் அவருடைய தம்பி அவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பேச்சற்றவராக்கிவிட்டேன். கலியாணமெல்லாம் பிறகு வந்த சாட்டு.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு எடுத்தோம். நேர்ஸ் அக்காதான் வோட்டைக் கண்டுபிடித்தார். ஒரு நீண்ட விறாந்தை வழியாக யாரோ மாமாவை நடத்திக்கொண்டு வருவது கேட்டது. அம்மாவால் "தம்பி" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மறுபக்கத்தில் அவரும் "அக்கா" என்றுவிட்டு நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தோம்.

அடுத்த கிழமை நேர்ஸ் அக்காவின் வீட்டார் மூவரும் வந்தார்கள். பாயாசம் இல்லை, வெறும் தேத்தண்ணி. அவருடைய அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெஞ்சு வருத்தம் எண்டால், பிள்ளைக்குட்டி எண்டு பிறகு…" என்று தொடங்கினார். அக்கா விடவில்லை.

"அப்பா, வருத்தத்தை இழுக்காதேங்கோ. குளிசை ஒழுங்காப் போட்டால் அது மாறும். அன்ரி, எனக்கு அவரிலை கோபமில்லை. ஆனா மூண்டு மாசத்தை ஒரு பின்னேரத்தில சொல்லி முடிக்கக்கூடிய ஆளோட என்னாலை இருக்க ஏலாது. நாளைக்கு எனக்கும் அப்பிடித்தான் சொல்லுவார். நான் எப்ப உண்மையைக் கேக்கிறது?"

அவ்வளவுதான். போய்விட்டார்கள். ஊர் முழுக்க, காசநோய் என்று பெண் வீட்டார் விலகிவிட்டார்கள் என்றே கதைத்தது. அப்பாவும் அப்படித்தான் சொல்லித் திரிந்தார். அக்கா சொன்ன காரணம் அதைவிடக் கஷ்டமானது என்பதால் எல்லோரும் அதைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டார்கள். நான் கேட்டேன். அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் நிமிர்ந்திருந்து சொன்னது இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

மாமா பெப்ரவரி கடைசியில் வெளியே வந்தார். சுகப்பட்டார். கலியாணம் மட்டும் செய்யவில்லை, கேட்டால் சிரிப்பார். அம்மா அதற்கு என்னைத்தான் காரணம் சொன்னார், பதினைந்து வருடமாக. பரீட்சையில் சித்தியடைந்தபோது சொன்னார், எனக்கு வேலை கிடைத்தபோது சொன்னார். 'வாயை அடக்கியிருந்தால் என்ரை தம்பியும் ஒரு குடும்பமா இருந்திருப்பான். இண்டைக்காவது அவனிட்டை மன்னிப்புக் கேள்.' நான் எந்த நாளும் கேட்கவில்லை.

கடைசியில் மாமா ஒக்லண்டுக்கு வந்தார். விமான நிலையத்தில் பார்த்தால் மெலிந்த, மொட்டைத் தலை மனிதர், கையில் எனக்கென்று எங்கள் அணியின் தொப்பி. அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அணியின் அந்த வருடத் தொடக்கத்தைப்பற்றி இருவரும் கத்திக் கத்திப் பேசினோம். பின்வரிசை இன்னும் நடுவைத் திறந்துதான் விடுகிறது என்றார். சீசன் தொடங்கி மூன்று கிழமைதானே, அவசரப்படாதீர்கள் என்றேன். அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்த ஹொக்கிதான் உன்ரை வாழ்க்கையைக் கெடுத்தது தம்பி. இவளின்ரை வாய். இப்ப முன்னாலதான் இருக்கிறாள், கேக்கச் சொல்லு மன்னிப்பு."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரியில மூண்டு மாசம் என்னைத் தேடி ஒருத்தரும் வரேல்லை. வரக்கூடாது எண்டு நான்தான் எல்லா வழியையும் அடைச்சு வைச்சனான். ஒவ்வொரு நாளும் விடியக் கண் முழிக்கேக்கை, நான் செத்தாலும் பொங்கலுக்குக் கசெற் போகும் எண்டு நினைப்பன். அது ஆறுதல் எண்டு தொடங்கி, பிறகு பயமாப் போச்சுது. ஒரு நாள் நேர்ஸ் வந்து, நியூசிலாந்திலயிருந்து ரெலிபோன் எண்டாள். என்னைக் கண்டுபிடிச்சது இவள். இவள் என்னட்டை என்னத்துக்கு மன்னிப்புக் கேக்க வேணும்?"

அம்மா கரண்டியை மேசையில் வைத்தார். நெடுநேரம் மாமாவின் மொட்டைத் தலையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது, ஆனாலும் அம்மா அம்மாதான்.

"எண்டாலும் சபையில சொல்லியிருக்கக் கூடாது."

"சபையில சொன்னபடியாத்தான் அம்மா ஒராள் கேட்டது," என்றேன். "இனியும் சபையிலதான் சொல்லுவன்."